ஜிப் கோப்பை நிரலுக்குள் பிரிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கோத்தகிரி வட்டாரத்துப் பசுந்தேயிலைக் கொள்முதல் நிலையங்களிலிருந்து மாலைதோறும் எங்கள் சர்வருக்கு ஜிப் கோப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் அன்றைய எடைப் பட்டியல் ஒரு சிஎஸ்வி கோப்பாக இருக்கும். எடைச் சீட்டுகளைக் கைப்பேசியில் எடுத்த படங்களும் இருக்கும். அவற்றைப் பிரித்துக் கணக்கில் சேர்க்கும் நிரலை நான் எழுதினேன். பிறகு புதிதாக வந்தவர்களிடம் அதையே எழுதச் சொல்லிப் பார்த்தேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தொடங்கினார்கள்: பைத்தானின் ‘எக்ஸ்ட்ராக்ட்ஆல்’, ஒரே வரி. மேசையில் சோதித்தால் அந்த வரி அழகாக ஓடும். மழைக்காலத்தில் சோலூர்மட்டத்திலிருந்து கோப்பு வரத் தொடங்கினால்தான் சங்கதி தெரியும்.

அந்த வரிக்கு முன்னே ஐந்து வேலைகளும் பின்னே ஒரு வேலையும் இருக்கின்றன. வரிசை மாறினால் ஒவ்வொன்றும் பயனற்றுப் போகும் என்பதால் வரிசையோடு எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பைத்தானுக்கு உரியவை. ஜாவாவும் ஆண்ட்ராய்டும் வேறுபடும் இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறேன்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

பைத்தான் 3.11 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு. காரணம் ஐந்தாம் பகுதியில் வரும்.

மூன்று கோப்புறைகள். வந்த ஜிப் அப்படியே இறங்குவதற்கு ‘வரவு’, பிரிப்பதற்கு ‘ஒதுக்கம்’, சரிபார்த்தவை நிரந்தரமாக இருப்பதற்குக் ‘களஞ்சியம்’. மூன்றும் ஒரே டிஸ்க் பிரிவில் இருக்க வேண்டும். ஒரே கோப்பு முறைமைக்குள்தான் ஒரு கோப்புறையின் பெயர் மாற்றம் ஒரே அடியில் முழுதாக நடக்கும். பிரிவு தாண்டினால் அது பிழையில் முடியும், அல்லது மெதுவான நகலெடுப்பாக மாறும். ஒதுக்கத்தை இயங்குதளத்தின் தற்காலிகக் கோப்புறையில் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பல லினக்ஸ் கணினிகளில் அது நினைவகத்திலேயே இருக்கிறது. பெரிய ஜிப் ஒன்று வந்தால் சர்வருக்கு மூச்சு முட்டும்.

மூன்றாவதாக ஒரு சிறு ஒப்பந்தம். ஒரு ஜிப்பில் என்னென்ன இருக்கலாம், எத்தனை, எவ்வளவு பெரியது என்பதை அனுப்புகிறவர்களோடு பேசி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது: ஒரே ஒரு சிஎஸ்வி, 2 மெகாபைட்டுக்குள், படங்கள் அதிகம் போனால் 200, ஒவ்வொன்றும் 5 மெகாபைட்டுக்குள், மொத்தம் 300 மெகாபைட்டுக்குள். இந்த எண்கள் இல்லாமல் நிரல் எழுத உட்கார்ந்தால் எதை மறுப்பது என்றே தெரியாமல் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வீர்கள்.

2. முழுதாக வந்து சேர்ந்ததா என்று பாருங்கள்

ஜிப்பின் பொருளடக்கம் கோப்பின் கடைசியில் இருக்கிறது. புதியவர்கள் தடுக்கி விழும் முதல் கல் இதுதான். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது சிக்னல் போய், கோப்பு பாதியில் நின்றுவிட்டது என்று வையுங்கள். முதல் இரண்டு பைட்டுகள் ‘பி’, ‘கே’ என்று சரியாகவே இருக்கும். தொடக்கத்தைச் சோதித்துவிட்டு ஜிப்தான் என்று நிரல் தலையாட்டும். திறக்கப் போனால் ‘இது ஜிப் கோப்பு அல்ல’ என்ற பிழை வரும். அனுப்பியவர் வேறு எதையோ அனுப்பிவிட்டார் என்று நினைத்து அவரைத் தொலைபேசியில் கடிந்துகொள்வீர்கள். வால் வரவில்லை என்பதுதான் அந்தச் செய்தியின் பொருள்.

கோப்பு இறங்கும்போது அதற்கு ஒரு தற்காலிகப் பெயர் கொடுங்கள். முழு அளவும் வந்து, அனுப்பியவர் சொன்ன ஷா-256 கையொப்பத்தோடு (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒத்துப்போன பிறகே உண்மையான பெயருக்கு மாற்றுங்கள். பிரிக்கும் நிரல் தற்காலிகப் பெயர்களைத் திரும்பியும் பார்க்கக் கூடாது.

ஜாவாவில் இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. ‘ஜிப்இன்புட்ஸ்ட்ரீம்’ பொருளடக்கத்தைத் தேடாமல் முன்னிருந்து பின்னாகப் படித்துக்கொண்டே போகும். பாதிக் கோப்பைக் கொடுத்தால் முதல் சில உருப்படிகளை மகிழ்ச்சியாகப் பிரித்துத் தந்துவிட்டு, பிறகுதான் பிழை சொல்லும். அதற்குள் பாதி எடை கணக்கில் ஏறியிருக்கும். கோப்பு டிஸ்க்கில் இருந்தால் ‘ஜிப்ஃபைல்’ வகையையே பயன்படுத்துங்கள். ஆண்ட்ராய்டில் பயனர் தேர்ந்தெடுத்த கோப்பு பெரும்பாலும் ஓடையாகவே கைக்கு வரும். அதை முதலில் செயலியின் தற்காலிகச் சேமிப்பில் நகலெடுத்துக்கொண்டு, பிறகு திறங்கள்.

3. பிரிக்காமல் பட்டியலைப் படியுங்கள்

பைத்தானில் ‘இன்ஃபோலிஸ்ட்’ என்று கேட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரம் மட்டும் வரும். டிஸ்க்கில் ஒரு பைட்டும் எழுதப்படாது. முதல் பகுதியின் ஒப்பந்தத்தை இங்கேயே உரசிப் பாருங்கள். எடைப் பட்டியல் இருக்கிறதா? ஒன்றுதானா? படங்களின் எண்ணிக்கை? ஏதேனும் ஒன்று சரியில்லை என்றால் இந்த இடத்திலேயே மறுத்துவிடலாம். சுத்தம் செய்ய எதுவும் இருக்காது.

எக்ஸெல்லின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ், வேர்டின் டாக்எக்ஸ், ஆண்ட்ராய்டின் ஏபிகே ஆகிய எல்லாமே உள்ளுக்குள் ஜிப்தான். ஒரு நிலையத்தார் எக்ஸெல் கோப்பை நேரடியாக அனுப்பினார். எங்கள் பழைய நிரல் அதைத் தயங்காமல் பிரித்து, எக்ஸ்எம்எல் துண்டுகளைக் களஞ்சியத்தில் கொட்டியது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. பட்டியலைப் படித்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

சில உருப்படிகளைச் சத்தமில்லாமல் ஒதுக்கலாம்: மேக் கணினி தானாகச் சேர்க்கும் ‘மேக்ஓஎஸ்எக்ஸ்’ கோப்புறை, புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் அதன் துணைக் கோப்புகள், விண்டோஸின் ‘தம்ஸ்டிபி’. சாய்கோட்டில் முடியும் பெயர்கள் வெறும் கோப்புறைகள். அவற்றையும் எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். கடவுச்சொல் போட்ட உருப்படி இருந்தால் மறுத்துவிடுவதே நல்லது. பைத்தானின் சொந்த ஜிப் லைப்ரரி பழைய வகைப் பூட்டை மட்டும், அதுவும் மிக மெதுவாகத் திறக்கும். ஏஇஎஸ் பூட்டைத் திறக்காது.

4. உச்சவரம்பு போடுங்கள்

மழை நாளில் இலையை எடை போடும்போது ஈரத்துக்குக் கழிப்பதுண்டு. நிரல் எழுதும்போது மட்டும் ஜிப் தன்னைப் பற்றிச் சொல்லும் எடையை அப்படியே நம்பிவிடுகிறோம்.

ஜிப்பில் வழக்கமாகப் பயன்படும் ‘டிஃப்ளேட்’ முறை, ஒரே மாதிரியான தரவை ஆயிரம் மடங்குக்கும் சற்று மேலே சுருக்க வல்லது. உருப்படிகள் ஒரே தரவைப் பங்குபோட்டுக்கொள்ளும்படி கட்டினால் நிலைமை இன்னும் மோசம்: 10 மெகாபைட் ஜிப் ஒன்று 281 டெராபைட்டாக விரியும் என்று 2019-இல் செய்தே காட்டியிருக்கிறார்கள். ஜிப்புக்குள் ஜிப்பாக அடுக்கும் பழைய வித்தை வேறு இருக்கிறது. அதனால் உள்ளே இன்னொரு ஜிப் இருந்தால் திறக்காதீர்கள். எங்கள் ஒப்பந்தத்தில் அதற்கு இடமே இல்லை.

சுருக்க விகிதத்தை மட்டும் வைத்து மறுப்பது புதியவர்கள் விரும்பும் குறுக்குவழி. அது நல்ல கோப்பையும் தள்ளிவிடும். ஒரே நிலையத்தின் பெயரும் தேதியும் வரிக்கு வரி திரும்ப வரும் சிஎஸ்வி இயல்பாகவே பல மடங்கு சுருங்கும். ஜேபெக் படமோ ஏற்கெனவே சுருக்கப்பட்டது என்பதால் அசையவே அசையாது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு விகிதம் எங்கே கிடைக்கும்? மொத்த பைட், ஒரு கோப்பின் பைட், எண்ணிக்கை என மூன்று நேரடி வரம்புகள் போதும்.

பட்டியலில் சொல்லியிருக்கும் அளவை முதல் வடிகட்டியாக வையுங்கள். ஏழாம் படியில் படிக்கப் படிக்க நீங்களே எண்ண வேண்டும்; பட்டியலை எழுதியவர் எதை வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்.

5. பெயர்களைச் சீராக்குங்கள்

தமிழில் கோப்புப் பெயர் வைக்கும் இடங்களில் வேலை செய்கிறவர்களுக்கு அதிக நேரத்தைத் தின்பது இந்தப் பகுதிதான். ஆங்கில வழிகாட்டிகள் இதை இரண்டு வரியில் கடந்துவிடும். மூன்று தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது, எழுத்துக் குறியீடு. ஒவ்வொரு உருப்படியோடும் சில கொடிகள் வரும். அவற்றில் 11-ஆம் பிட் ஏற்றப்பட்டிருந்தால் பெயர் யூடிஎஃப்-8. இல்லையென்றால் பழைய ஐபிஎம் கணினிகளின் சிபி437 என்று பைத்தான் எடுத்துக்கொள்ளும். சில கருவிகள் பெயரை யூடிஎஃப்-8-இல் எழுதிவிட்டு இந்தப் பிட்டை ஏற்ற மறந்துவிடுகின்றன. அப்போது ‘அரவேணு’ என்ற பெயர் கிரேக்க எழுத்துகளும் கோடுகளுமாகக் குதறப்பட்டு நிற்கும்.

இதற்கு ஓர் அடையாளம் உண்டு. தமிழ் எழுத்துகளையும் கொம்பு, கால் போன்ற குறிகளையும் குறிக்கும் ஒவ்வொரு யூனிகோடு குறியீடும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே. சிபி437-இல் அந்த பைட் கிரேக்க ஆல்ஃபா. இரண்டாவது பைட் இடப்பக்க அல்லது வலப்பக்க இரட்டைக் கோணக் குறியாகத் தெரியும். ஆகவே ஆல்ஃபா, கோணக்குறி, ஏதோ ஒன்று; மீண்டும் ஆல்ஃபா, கோணக்குறி என்று பெயர் ஓடினால் அது தமிழ்தான், எதுவும் தொலைந்துவிடவில்லை. அந்தப் பெயரைச் சிபி437 ஆகத் திரும்பப் பைட்டுகளாக்கி, யூடிஎஃப்-8 ஆகப் படித்தால் ஊர் பெயர் மீண்டுவரும். பைத்தான் 3.11 முதல் ஜிப்பைத் திறக்கும்போதே ‘மெட்டாடேட்டா என்கோடிங்’ என்ற அளவுருவில் இதைச் சொல்லிவிடலாம். பிட் ஏற்றப்பட்ட பெயர்களில் கை வைக்காதீர்கள். சரியாக இருப்பதைத் திருத்தப் போய் உடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, ஒரே எழுத்துக்கு இரண்டு வடிவம். ‘கோத்தகிரி’யின் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்று, அல்லது ககரத்தோடு இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் எந்த வேறுபாடும் தெரியாது. நிரலுக்கு அவை இரண்டு வெவ்வேறு ஊர்கள். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறைமை பெயர்களை இரண்டாவது வடிவத்தில்தான் வைத்துக்கொள்ளும். எங்கள் பட்டியலில் கோத்தகிரி, கொடநாடு, சோலூர்மட்டம் ஆகியவை மட்டும் ‘தெரியாத நிலையம்’ என்று மறுக்கப்பட்டன. அரவேணு, நெடுகுளா, கட்டபெட்டு சிக்கலின்றிப் போய்க்கொண்டிருந்தன. ஒகர, ஓகாரம் உள்ள ஊர்கள்தான் விழுகின்றன என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு வாரம் போய்விட்டது. மருந்து ஒரே வரி: பெயரை எடுத்தவுடன் ‘யூனிகோடுடேட்டா’ தொகுதியின் ‘நார்மலைஸ்’ கொண்டு என்எஃப்சி வடிவுக்கு, அதாவது குறி ஒன்றாகச் சேர்ந்த முதல் வடிவுக்கு, மாற்றுங்கள். ஒப்பிடப்போகும் ஊர்ப் பட்டியலுக்கும் அதையே செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பயனில்லை.

மூன்றாவது, நீளம். ‘கோத்தகிரி’ கண்ணுக்கு 5 எழுத்து. உள்ளே 9 குறியீடுகள், யூடிஎஃப்-8-இல் 27 பைட். கொம்பும் காலும் பிரிந்திருந்தால் 30 பைட். லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைகளில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. தமிழில் அது 85 குறியீடுகள்தான். விண்டோஸ் வேறு அலகில் எண்ணுவதால் அங்கே இதைவிட நீளமான தமிழ்ப் பெயர் சிரமமின்றி நிற்கும். ‘என் லேப்டாப்பில் பிரிந்தது, சர்வரில் பிரியவில்லை’ என்ற புகாரின் பின்னால் பலமுறை இதுவே இருந்திருக்கிறது.

என் தீர்ப்பு: ஜிப்புக்குள் இருக்கும் பெயரை டிஸ்க்கில் எழுதவே எழுதாதீர்கள். உருப்படிகளுக்கு 0001, 0002 என்று நீங்களே எண் கொடுங்கள். சீராக்கிய தமிழ்ப் பெயரைத் தரவுத்தளத்தில் வையுங்கள். ஒரே பெயரில் இரண்டு உருப்படிகள் இருப்பதை ஜிப் வடிவம் தடுப்பதில்லை; அந்தத் தொல்லையும் இதோடு தீரும்.

6. பாதையைச் சோதியுங்கள்

உருப்படியின் பெயரில் ‘இரு புள்ளி, சாய்கோடு’ இருந்தால் அது மேல் கோப்புறைக்கு ஏறிப் போகச் சொல்கிறது. நான்கு முறை ஏறி, சர்வரின் அமைப்புக் கோப்பை மேலெழுதும் ஜிப் கட்டுவதற்குப் பெரிய திறமை தேவையில்லை. 2018-இல் இதற்கு ‘ஜிப் ஸ்லிப்’ என்ற பெயர் பரவியது.

பைத்தானின் ஜிப் லைப்ரரி பிரிக்கும்போது இந்தப் புள்ளிகளைத் தானே நீக்கிவிடும். அதை நம்பி டார் கோப்புக்கும் (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் இன்னொரு வடிவம்) அதே நிரலை நீட்டாதீர்கள்: டாரில் பாதுகாப்பு வடிகட்டி 3.12-இல்தான் முறையாக வந்தது, எதுவும் சொல்லாமலே இயங்கும் இயல்பாக ஆனது 3.14-இல். ஜாவா தன் பங்குக்கு எதையும் நீக்குவதில்லை. ஆண்ட்ராய்டு 14-ஐ இலக்காக வைத்த செயலிகளில் இத்தகைய பெயர் வந்தால் பிழை எழும். பழைய கைப்பேசிகளில் உங்கள் சோதனைதான் காவல்.

சோதிக்கும் முறை: இலக்குக் கோப்புறையையும் உருப்படியின் பெயரையும் சேர்த்து முழுப் பாதையாக்கி, அது கோப்புறைக்குள்தான் இருக்கிறதா என்று பார்ப்பது. இங்கேயும் ஒரு வழுக்கல் உண்டு. எழுத்துச் சரத்தின் தொடக்கத்தை மட்டும் ஒப்பிட்டால், ‘ஒதுக்கம்-பழையது’ என்ற கோப்புறையும் ‘ஒதுக்கம்’ என்றுதான் தொடங்குகிறது. சோதனை அதை உள்ளே விட்டுவிடும். பைத்தானில் பாதைப் பொருளின் ‘இஸ் ரிலேட்டிவ் டு’, ஜாவாவில் ‘பாத்’ வகையின் சொந்த ‘ஸ்டார்ட்ஸ்வித்’ ஆகியவை பகுதி பகுதியாக ஒப்பிடும். அவற்றையே பயன்படுத்துங்கள்.

ஐந்தாம் படி முடிந்த பிறகே ஆறாம் படி. பழைய டாட்நெட் பதிப்புகளில் கட்டிய ஜிப்புகளில் சாய்கோடு பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். பாதையைச் சோதித்துவிட்டுப் பிறகு அதை முன்பக்கமாகத் திருப்பினால், சோதனையின்போது இல்லாத ‘மேலே ஏறு’ என்ற கட்டளை அப்போதுதான் பிறக்கும். ஐந்தாம் படியில் சொன்னபடி எண் பெயர் கொடுத்தவர்களுக்கு இந்தச் சோதனை மிகைதான். இருந்தாலும் செய்யுங்கள். எண் பெயர் திட்டத்தை நாளை யாராவது மாற்றுவார்கள்.

7. ஒதுக்கத்தில் பிரியுங்கள்

இப்போதுதான் பிரிக்கும் வேலை. ‘எக்ஸ்ட்ராக்ட்ஆல்’ வேண்டாம், சுற்றை நாமே எழுதலாம்.

    மொத்தம் = 0
    ஏற்ற ஒவ்வொரு உருப்படிக்கும்:
        இந்தக்கோப்பு = 0
        இலக்கைப் ‘புதிது மட்டும்’ முறையில் திற
        உருப்படி தீரும் வரை 64 கிலோபைட் துண்டாகப் படி:
            இந்தக்கோப்பு, மொத்தம் இரண்டிலும் துண்டின் நீளத்தைக் கூட்டு
            எந்த வரம்பு தாண்டினாலும்: ஒதுக்கத்தை அழி, மறு, வெளியேறு
            துண்டை எழுது
        டிஸ்க்கில் இறங்கியதை உறுதிசெய்

எழுதுவதற்கு முன்பே எண்ணுகிறோம் என்பதைக் கவனியுங்கள். எழுதிவிட்டு எண்ணுவது, கூடை நிரம்பி வழிந்த பிறகு போதும் என்பது போல. துண்டாகப் படிப்பது நினைவகத்துக்காக. ஒரே மூச்சில் படிக்கும் ‘ரீட்’ முழுப் படத்தையும் நினைவகத்தில் ஏற்றிவிடும். ‘புதிது மட்டும்’ முறையில் திறந்தால் ஏற்கெனவே உள்ள கோப்பு மேலெழுதப்படாமல் பிழை வரும்.

ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு சிஆர்சி-32 சரிபார்ப்பு எண் உண்டு. பைத்தான் அதைத் தானே பார்க்கும். ஆனால் உருப்படியைக் கடைசிவரை படித்தால்தான். தேவையான முதல் சில வரிகளை மட்டும் படித்துவிட்டு மூடினால் சிதைந்த கோப்பும் தேறிவிடும். சிஆர்சி தற்செயலான சிதைவைத்தான் பிடிக்கும். வேண்டுமென்றே மாற்றியதைப் பிடிக்க இரண்டாம் படியின் ஷா-256 வேண்டும். அதுவும் ஜிப்போடு சேராமல் வேறு வழியாக வந்திருந்தால்தான்.

8. களஞ்சியத்துக்கு நகர்த்துங்கள்

எல்லா உருப்படிகளும் தேறிய பிறகு ஒதுக்கத்தில் உள்ள கோப்புறையை ஒரே பெயர் மாற்றத்தில் களஞ்சியத்துக்குக் கொண்டுபோங்கள். கணக்கில் சேர்க்கும் நிரல் களஞ்சியத்தை மட்டும் பார்க்கட்டும். அப்போது அதன் கண்ணில் படுவது முழு நாள் கணக்கு, அல்லது ஒன்றுமே இல்லை.

அந்தக் கோப்புறைக்கு ஜிப்பின் ஷா-256 கையொப்பத்தையே பெயராக வையுங்கள். ‘வந்து சேர்ந்தது’ என்ற நம் பதில் சிக்னல் இல்லாமல் தொலைந்தால், நிலையத்தார் அதே ஜிப்பைத் திரும்ப அனுப்புவார். பெயர் ஏற்கெனவே இருந்தால் பதிலை மட்டும் மீண்டும் அனுப்பிவிட்டுப் பிரிக்காமல் விடலாம். இது இல்லாத நாட்களில் ஒரே இலைக்கு இரண்டு எடை ஏறியது. விவசாயி யாரும் புகார் சொல்லவில்லை என்பதால் கண்டுபிடிக்கத் தாமதமானது.

ஜிப்பில் பதிந்திருக்கும் நேரத்தை எடை போட்ட நேரமாகக் கொள்ளாதீர்கள். அது பழைய டாஸ் கணக்கு: 1980-க்கு முந்தைய தேதி கிடையாது, இரண்டு நொடிக்கு ஒருமுறைதான் நகரும், நேர மண்டலம் இல்லை. நேரம் சிஎஸ்விக்குள் ஒரு நெடுவரிசையாக வரட்டும்.

9. கெட்ட ஜிப்புகளைச் சேர்த்துவைத்துச் சோதியுங்கள்

நல்ல ஜிப் பிரிகிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். மறுக்கப்பட வேண்டியவை மறுக்கப்படுகின்றனவா என்று பார்க்கத் தனியாக ஒரு கோப்புறை வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையதில் இருப்பவை: பாதியில் வெட்டிய ஜிப், சரியாக 22 பைட் உள்ள வெற்று ஜிப் (இது பிழையற்ற ஜிப், ஆனால் உள்ளே எதுவும் இல்லை), பெயர் மாற்றிய எக்ஸெல் கோப்பு, ஒரே பெயரில் இரண்டு சிஎஸ்வி, மேலே ஏறும் பெயர், பூஜ்யங்களால் நிரப்பிய 1 ஜிகாபைட் கோப்பு. மறுக்கப்படாமல் பிரிய வேண்டியவை இரண்டு: கொம்பும் காலும் பிரிந்த ‘கோத்தகிரி’, 11-ஆம் பிட் ஏற்றாத ‘நெடுகுளா’.

கடைசிச் சோதனை, ஏழாம் படி ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தைத் துண்டிப்பது. ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரியில் இருந்தால் இதற்கென்று யாரும் சுவிட்சைத் தொட வேண்டியதில்லை. மின்சாரம் திரும்பியதும் பார்க்க வேண்டியவை மூன்று: களஞ்சியத்தில் அரைகுறைக் கோப்புறை எதுவும் இருக்கக் கூடாது, நிரல் தொடங்கும்போதே ஒதுக்கத்தில் கிடந்த பழைய துண்டுகளை அழித்திருக்க வேண்டும், வரவில் காத்திருக்கும் ஜிப் யாரும் கை வைக்காமலே இரண்டாம் படியிலிருந்து மீண்டும் ஓட வேண்டும்.